கிட்டிப்புள்ளுக்கும் கிளித்தட்டுக்கும் சரியான விதி எது?

கேள்வி இது: "கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பழைய தெரு விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை ஏறக்குறைய இருபது பேர். விதிகளைக் கேட்டால் மதுரைக்காரர் சொல்வதைத் தஞ்சாவூர்க்காரர் மறுக்கிறார். சரியான விதிகள் எவை?"

அவர்கள் இருவருமே சரியாகத்தான் சொல்கிறார்கள். தெரு விளையாட்டுகளுக்கு ஒரே விதிப்புத்தகம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் ஆடலாம் என்றும் அர்த்தமில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் மாற்றக்கூடாத நடுப்பகுதி ஒன்று உண்டு. அதை மாற்றினால் ஆட்டமே செத்துவிடும். அதைச் சுற்றி, அன்றைய இடத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்றபடி பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது அந்த நடுப்பகுதியை. மற்றதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். அவர்கள் சண்டை போட்டு முடிவுக்கு வரட்டும். நடுவர் இல்லாமல் ஆடத் தெரிவதுதான் இந்த விளையாட்டுகளின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே எந்த ஆட்டத்துக்கும் முன்னால், எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான சில ஏற்பாடுகளைப் பழக்குங்கள். முதலாவது உத்தி பிரித்தல். ஓரளவு சம பலமுள்ள இருவர் தலைவர்களாக நிற்பார்கள். மீதிப் பிள்ளைகள் தங்களுக்குச் சமமான ஒருவரைத் தேர்ந்துகொண்டு இரண்டிரண்டு பேராகத் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி வருவார்கள். "வானத்தை வில்லாய் வளைத்தவன் வேண்டுமா, மணலைக் கயிறாய்த் திரித்தவன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். ஒரு தலைவர் ஒரு பெயரைச் சொன்னதும் அந்தப் பெயருக்கு உரியவர் அவர் பக்கம் போவார், மற்றவர் எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடிக்கு மற்றத் தலைவர் பெயர் சொல்வார். இந்த முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். பள்ளி மைதானங்களில் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும்போது, யாருக்கும் வேண்டாத பிள்ளை ஒன்று கடைசியில் தனியாக நிற்கும். உத்தியில் அப்படி ஒரு பிள்ளை மிஞ்சாது. சம பலமுள்ளவர்கள் ஜோடி சேர்வதால் அணிகளும் தாமாகவே சமமாகிவிடும்.

ஆள் ஒற்றைப்படையாக இருந்தாலோ, தம்பி தங்கைகள் கூடவே வந்து நின்றாலோ, அவர்களை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சப்பாணி எல்லாரோடும் ஓடலாம், அடிக்கலாம். ஆனால் அவனைத் தொட்டால் ஆட்டமிழப்பு கிடையாது. அவன் எடுக்கும் புள்ளி கணக்கிலும் வராது. ஓராண்டு சப்பாணியாக ஓடிய பிள்ளைக்கு எந்தப் பாடமும் எடுக்காமலே ஆட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். உங்கள் எட்டு வயதுக்காரர்களில் சிலருக்கு இது பொருந்தும். மூன்றாவது, நிறுத்தம் கேட்கும் சொல். செருப்பு அறுந்தாலோ, முள் குத்தினாலோ "அம்பேல்" என்று கத்தினால் அவரைத் தொடக் கூடாது. சில ஊர்களில் "டைம்" என்பார்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தொட்டுவிடப் போகும் நேரத்தில் அம்பேல் சொல்லித் தப்புவது அழுகுணி ஆட்டம். அதை எந்தக் கூட்டமும் ஏற்பதில்லை.

இனி ஆட்டங்கள். கிட்டிப்புள்ளில் தொடங்குகிறேன். சென்னையில் கில்லி, வேறு பல ஊர்களில் சில்லாங்குச்சி, ஆட்டம் ஒன்றுதான். கிட்டி ஒரு முழ நீளக் கொம்பு, கைப்பிடிக்குள் அடங்கும் பருமன். புள் மூன்று, நான்கு அங்குலத் துண்டு. இரு முனையும் சீவப்பட்டிருக்கும். கொய்யா, புளி போன்ற உறுதியான மரம் நல்லது. புள்ளைச் சீவுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முனை தரையைத் தொடாமல் சற்று மேலே நிற்கும்படி சரிவாகச் சீவ வேண்டும். அப்போதுதான் முனையில் தட்டினால் புள் துள்ளி எழும். மொட்டையாக விட்டால் தரையில் உருளும். ஊசியாகச் சீவினால் இரண்டு அடியில் முனை சிதறிவிடும், ஆபத்தும் கூட.

தரையில் ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு விரல் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். அடிப்பவர் குழியின் குறுக்கே புள்ளை வைத்து, கிட்டியின் நுனியைக் குழிக்குள் விட்டு, நெம்பி முன்னால் வீசுவார். எதிரணியினர் எதிரே பரவி நிற்பார்கள். புள் தரையில் விழுவதற்குள் பிடித்துவிட்டால் அடித்தவர் ஆட்டமிழந்தார். பிடிக்கவில்லையென்றால், அடித்தவர் கிட்டியைக் குழியின் குறுக்கே படுக்க வைக்க வேண்டும். புள் விழுந்த இடத்திலிருந்து எதிரணியில் ஒருவர் அதை எறிந்து கிட்டியில் பட வைக்க முயல்வார். பட்டால் ஆட்டமிழப்பு. இதையும் தாண்டினால்தான் அடிக்கும் உரிமை கிடைக்கும். தரையில் கிடக்கும் புள்ளின் முனையைத் தட்டி எழுப்பி, அது காற்றில் இருக்கும்போதே ஓங்கி அடிக்க வேண்டும். மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் கோட்டைவிட்டால் அடுத்தவர் முறை. இதுதான் மாற்றக்கூடாத பகுதி: நெம்பு, பிடி, எறி, தட்டி அடி.

பேசி முடிக்க வேண்டியவை இவை. அடித்த தூரத்தைக் குழியிலிருந்து கிட்டியால் அளந்து எண்ணுவது ஒரு முறை. ஆனால் எனக்குப் பிடித்தது கேட்கும் முறை. அடித்தவர் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு "அறுபது" என்று கேட்பார். எதிரணி ஒப்புக்கொண்டால் அறுபது புள்ளி அப்படியே கிடைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அளந்து பார்க்க வேண்டும். அறுபதுக்குக் குறைந்தால், கேட்டவர் புள்ளியையும் இழந்து ஆட்டத்தையும் இழப்பார். பேராசைப்பட்டு அதிகம் கேட்பவரும், பயந்து குறைவாகக் கேட்பவரும் இதில் உடனே தெரிந்துவிடுவார்கள். நாளாக ஆக, அறுபது கிட்டி தூரத்தை ஒன்றிரண்டு பிசகாமல் கண்ணாலேயே சொல்லும் பிள்ளைகள் உருவாவார்கள். காற்றில் இருமுறை தட்டிவிட்டு அடித்தால் கிட்டிக்குப் பதில் புள்ளால் அளக்கலாம், அதாவது எண்ணிக்கை பல மடங்காகும் என்பது சில ஊர் விதி. தோற்றவர்கள் புள் விழுந்த இடத்திலிருந்து குழி வரை மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடி வர வேண்டும் என்ற தண்டனையும் உண்டு. மூச்சு அறுந்தால் அந்த இடத்திலிருந்து மறுபடியும் புள் பறக்கும்.

கிட்டிப்புள்ளைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் கண்டிப்பாகத் தலையிட வேண்டும். அது கண் பாதுகாப்பு. புள்ளால் கண்ணில் அடிபடுவது கேள்விப்படாத செய்தி அல்ல. கார்கள் நிற்கும் இடத்திலும் நடைபாதையிலும் இதை ஆடவே கூடாது. திறந்த மைதானம் வேண்டும். அடிப்பவரைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. எதிரணியினர் இன்னும் தள்ளியே நிற்க வேண்டும். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். சரிவு இருந்தாலே போதும், கூர்மை தேவையில்லை. அப்படிப்பட்ட மைதானம் கிடைக்காவிட்டால் இந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள். ஆசைக்காக ஒரு பிள்ளையின் கண்ணைப் பணயம் வைக்க முடியாது.

உங்கள் இருபது பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது கிளித்தட்டு என்பேன். பொருள் எதுவும் வேண்டாம்; ஒரு சுண்ணாம்புக் கோடு போதும். தென் மாவட்டங்களில் நிலா வெளிச்சத்தில் ஆடிய ஆட்டம் இது. யாழ்ப்பாணத்தில் தாச்சி என்ற பெயரும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஆட்யா பாட்யா இதற்கு நெருங்கிய உறவு.

அணிக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட செவ்வகம் ஒன்று வரைந்து, முன்கோடு பின்கோடு இரண்டையும் சேர்த்து ஐந்து குறுக்குக் கோடுகள் போடுங்கள். கோட்டுக்குக் கோடு பத்தடி இடைவெளி. பிறகு நீளவாக்கில் நடுவே ஒரு கோடு. இப்போது இருபக்கமும் நான்கு நான்காக எட்டுத் தட்டுகள் கிடைக்கும். காக்கும் அணியினர் குறுக்குக் கோட்டுக்கு ஒருவராக நிற்பார்கள். தத்தம் கோட்டின் மேலேயே இடமும் வலமும் நகரலாம், கையை நீட்டித் தொடலாம். கால் மட்டும் கோட்டை விட்டு விலகக் கூடாது. முன்கோட்டில் நிற்பவர்தான் கிளி. அவருக்கு மட்டும் நடுக்கோட்டிலும் ஓடும் உரிமை உண்டு. கிளி கையைத் தட்டி ஆட்டத்தைத் தொடங்கியதும் எதிரணியினர் உள்ளே இறங்க வேண்டும். யார் கையிலும் படாமல் எல்லாக் கோடுகளையும் தாண்டிக் கடைசி வரை போனவர் பழம். அவர் அதே வழியில் திரும்பி வந்து முன்கோட்டையும் தாண்டி வெளியேறினால் அணிக்கு ஒரு புள்ளி. நடுவில் யாராவது ஒருவர் தொடப்பட்டாலும் அணி முழுவதும் ஆட்டமிழந்து, காக்கும் முறைக்கு மாற வேண்டும்.

'ஒருவர் பட்டால் எல்லாரும் பட்டார்கள்' என்ற இந்த விதியைத் தயவுசெய்து தளர்த்தாதீர்கள். பட்டவர் மட்டும் வெளியேறினால் போதும் என்று நவீன முறையில் மாற்றி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆடினால் ஓட்டக்காரர்கள் நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பழைய விதியில், வேகமானவன் தான் மட்டும் தப்பி ஓடிப் பயனில்லை. மெதுவாக ஓடும் தோழி ஒரு தட்டில் மாட்டிக்கொண்டால், பக்கத்துத் தட்டில் இருப்பவன் பாய்வதுபோல் போக்குக் காட்டிக் கோட்டுக்காரரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் அவள் தாண்டிவிடுவாள். நன்றாக ஆடத் தெரிந்தவர்களைப் பார்த்தால், அவர்கள் கோட்டில் நிற்பவரின் கையைப் பார்ப்பதில்லை, இடுப்பைத்தான் பார்க்கிறார்கள். கை ஏமாற்றும், உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதை இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும். கிளி நடுக்கோட்டில் ஓடி வந்துவிட்டால் ஒரே தட்டில் இரண்டு பக்கமும் அடைபடும். அதனால் கிளி எங்கே என்பதில் எப்போதும் ஒரு கண் வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சில நாட்கள் ஆடினால் அவர்களுக்கே பிடிபடும்.

பம்பரத்துக்கு வருகிறேன். கடைகளில் இப்போது பிளாஸ்டிக் பம்பரம்தான் அதிகம். கடைசல் பட்டறையில் செய்த, ஆணி வைத்த மரப் பம்பரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாட்டையை ஆணியிலிருந்து மேல்நோக்கி நெருக்கமாகச் சுற்றி, மறுமுனையின் முடிச்சை விரலிடுக்கில் பிடித்து, வீசிய வேகத்தில் சுண்டி இழுக்க வேண்டும். முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விட்டு, சுற்றும்போதே சாட்டையால் எடுத்துக் கையில் பிடிக்க வேண்டும். இதற்கு அபீட் எடுப்பது என்று பெயர். கடைசியாக அபீட் எடுத்தவர், அல்லது எடுக்கவே முடியாதவர், தன் பம்பரத்தைத் தரையில் வரைந்த வட்டத்துக்குள் வைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பம்பரத்தால் அதைக் குத்தி வட்டத்துக்கு வெளியே தள்ளுவார்கள். குத்தும் பம்பரம் சுற்றாமல் படுத்துவிட்டால் அதுவும் உள்ளே போகும். உள்ளே இருப்பது வெளியே வந்ததும் எல்லாரும் மறுபடி அபீட் எடுக்க வேண்டும். ஆணி பதிந்த வடுவை ஆக்கர் என்பார்கள். உடம்பெல்லாம் ஆக்கர் விழுந்த பம்பரத்தை வெட்கப்படாமல் வைத்திருப்பவன்தான் பெரும்பாலும் நல்ல ஆட்டக்காரன். அத்தனை குத்து வாங்கித்தான் கற்றிருப்பான். பிள்ளைகள் வட்டத்தைச் சுற்றிக் குனிந்து நிற்கும்போது யாரும் சாட்டையை வீசக் கூடாது என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கோலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் கோலி அடிக்கும் முறையே தனி. இடது கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, அதே கையின் நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலது கையால் அந்த விரலைப் பின்னால் வளைத்து விட வேண்டும். வளைந்த விரல் நிமிரும் வேகத்தில் கோலி பறக்கும். கட்டைவிரல் தரையை விட்டு எழுந்தால் அந்த அடி செல்லாது. குழி தோண்டி அதில் விழ வைப்பது ஒரு வகை. கட்டம் கீறி, உள்ளே கிடக்கும் கோலிகளில் எதிராளி காட்டியதை மட்டும், மற்றதில் படாமல் அடிப்பது இன்னொரு வகை. தோற்றவர் கை முட்டியை நீட்ட, அதில் கோலியால் அடிக்கும் பழைய தண்டனையை நான் ஆதரிப்பதில்லை. வலி விளையாட்டல்ல, முட்டியால் கோலியைக் குழி வரை தள்ளச் சொல்வதே போதுமான தண்டனை. சோடாப் பாட்டிலின் கழுத்தில் இருக்கும் கோலியும் இதே இனம்தான். அந்தப் பாட்டிலுக்கு இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பிள்ளைகள் எதை வைத்து ஆடினார்கள் என்று கேட்டால், நற்றிணையின் மூன்றாம் பாடல் ஒரு காட்சியைக் காட்டுகிறது: வேப்பமரத்தின் புள்ளி நிழலில், கட்டளைக்கல் போல அரங்கு கீறி, சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். மரநிழலும் தரையில் கீறிய கட்டமும் அன்றே இருந்திருக்கின்றன.

பாண்டிக்கு எட்டுக் கட்டமும் ஓர் ஓட்டுச் சில்லும் போதும். முதல் கட்டத்தில் சில்லை எறிந்து, நொண்டியடித்தபடியே கட்டம் கட்டமாகக் காலால் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று போகும். கோட்டை மிதித்தாலோ, சில்லு கோட்டில் நின்றாலோ, தூக்கிய கால் தரையில் பட்டாலோ முறை போய்விடும். எட்டையும் முடித்தவர் சில்லைத் தலையில் அல்லது புறங்காலில் வைத்து, மேலே பார்த்தபடி ஒவ்வொரு கட்டமாகக் கால் வைத்து "ரைட்டா?" என்று கேட்க, மற்றவர்கள் "ரைட்டு" என்பார்கள். அதையும் தாண்டியவர் ஒரு கட்டத்தில் பழம் வைப்பார். அந்தக் கட்டத்தில் அவர் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி இளைப்பாறலாம், மற்றவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எதிராளியே "ரைட்டு" சொல்லும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லப் பிள்ளைகள் பழகுகிறார்கள். பெண் பிள்ளைகளின் ஆட்டம் என்று ஒதுக்காமல் பையன்களையும் ஆட வையுங்கள். ஒற்றைக் காலில் சமநிலை எவ்வளவு கடினம் என்பது ஆடிப் பார்த்தால்தான் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பூப்பறிக்க வருகிறோம் நன்றாக ஒட்டும். இரண்டு வரிசை கைகோத்து எதிரெதிரே நின்று, ஒரு வரிசை பூப்பறிக்க வருவதாகச் சொல்ல, மற்றது எந்த மாதம் வருகிறீர்கள், எந்தப் பூவைப் பறிக்கப் போகிறீர்கள், யாரை அனுப்புகிறீர்கள் என்று கேட்கும். பெயர் சொல்லப்பட்ட இருவர் நடுக்கோட்டில் ஒருவரையொருவர் இழுக்க, கோட்டைத் தாண்டி இழுபட்டவர் அந்த அணியில் சேர்ந்துவிடுவார். யாரும் வெளியேற்றப்படுவதே இல்லை. கல்லா மண்ணாவும் எளிது: பிடிப்பவர் மண்ணைத் தேர்ந்தால், கல்லின் மேல் நிற்பவர்களைத் தொட முடியாது, மண்ணில் கால் வைத்தவரைத்தான் தொடலாம். படிக்கட்டும் திண்ணையும் உள்ள இடத்தில் இது நன்றாக ஓடும். ஒரே கல்லில் நெடுநேரம் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் உறங்கிவிடும்.

கபடியின் கதை வேறு. தெருவில் சடுகுடுவாக இருந்தபோது பாடிப் போகிறவரின் மூச்சுதான் கடிகாரம். 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்த கபடிக்கு இன்று எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன: களத்தில் அணிக்கு ஏழு பேர், ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. உங்கள் பிள்ளைகளில் யாராவது பள்ளி அணிக்குப் போக விரும்பினால் அந்த விதிகளைத்தான் பழக வேண்டும். மணல் கிடைத்தால் மட்டும் ஆடுங்கள். சிமெண்ட் தரையில் கபடி ஆடினால் முழங்கால் பெயரும்.

நடைமுறைக்கு வருவோம். இருபது பேரையும் ஒரே ஆட்டத்தில் நிறுத்தாதீர்கள். கிளித்தட்டுக்குப் பத்துப் பேர், பாண்டிக்கு நான்கைந்து பேர், பம்பரத்துக்கு மீதிப் பேர் என்று பிரித்து, மாறி மாறி விடுங்கள். முதல் நாள் ஒரு பெரியவர் கூடவே ஆடிக் காட்டட்டும். இரண்டாம் நாள் கோடு வரைந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்காரட்டும். விசில் வேண்டாம். பரிசும் சான்றிதழும் வேண்டாம். அவை வந்தால் பெற்றோர்கள் களத்துக்குள் இறங்கிவிடுவார்கள். கால் கோட்டில் பட்டதா இல்லையா என்று கூச்சல் எழும். எழட்டும், காத்திருங்கள். கடைசியில் யாராவது ஒரு பிள்ளை "சரி, மறுபடியும் ஆடலாம்" என்று சொல்லும். கை கலக்கும் நிலை வந்தால் மட்டும் எழுந்து போங்கள்.

மதுரைக்காரரையும் தஞ்சாவூர்க்காரரையும் ஒரே நாளில் அழைத்துவிடுங்கள். இருவர் விதியையும் பிள்ளைகள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். எதை ஏற்பது என்று அவர்களே முடிவு செய்து, உங்கள் குடியிருப்பின் விதியாக ஒரு தாளில் எழுதி ஒட்டட்டும். அடுத்த கோடையில் வேறு பிள்ளைகள் வந்து அதைத் திருத்தினால் திருத்தட்டும்.